மூன்றாம் காட்சியில் மட்டும் கலங்கும் படம்

முதல் காட்சிப் படங்கள் பளிச்சென்று இருந்தன. நடிகர்களின் சட்டைத் தையலை எண்ணலாம். இரண்டாம் காட்சியும் பழுதில்லை. மூன்றாம் காட்சியில் எடுத்தவை மட்டும் அத்தனையும் கலங்கல். ஒன்றிரண்டு தப்பிப் பிழைத்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும். ஒத்திகைக்கு ஒத்திகை இதே கதை.

அதே கேமரா, அதே லென்ஸ், அதே இடம், அதே நான்.

எங்கள் நாடகக் குழுவுக்குப் படம் எடுப்பவள் நான். பிழைப்புக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், நாடகம் ஆசைக்கு. வெளிச்சம் குறைந்த மேடையை ஃபிளாஷ் இல்லாமல், ஸ்டாண்டு இல்லாமல், வெறும் கையில் பிடித்து எடுப்பேன். கேமரா அசையாது. அதனால் குழுவில் எனக்குக் கல்லு என்று பெயர். என்னைவிடச் சின்னவர்களுக்குக் கல்லு அக்கா.

மூன்றாம் காட்சி இதுதான்: தண்டவாளத்தை ஒட்டிய ஒரு வீடு. மேசை மேல் ஒரே ஒரு விளக்கு. அதன் கீழே உட்கார்ந்து ஒருத்தி, போய்விட்ட கணவனின் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள். வெளியே எங்கோ கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. ஊசியை இழுத்து, நூல் விறைத்து நிற்க, அவள் ஒரு மூச்சு அப்படியே நிறுத்துகிறாள். அந்த ஒரு மூச்சுதான் நாடகம். அந்தப் படம்தான் அரங்க வாசலில் ஆளுயரப் பேனராக நிற்க வேண்டும்.

தைப்பவள் என் தம்பி மனைவி. அந்த ஒற்றை விளக்கை வைத்தவன் என் தம்பி. லைட்டும் சவுண்டும் அவன்தான். என் பிராணனை வாங்குபவனும் அவன்தான்.

"டேய், அந்த விளக்கைக் கொஞ்சம் ஏத்தேன்டா. ஒரு பொட்டு."

"ஏத்தினா அது வீடு இல்லக்கா, துணிக்கடை."

"எனக்கு முகம் தெரிய வேண்டாமா?"

"எல்லார் கண்ணுக்கும் தெரியுது. உன் கேமராவுக்குத்தான் தெரியல. கண்ணாடி மாத்தணும்னா நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

அவனோடு பேசி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவன் விளக்கைத் தொடவில்லை. நான்தான் வழி தேட வேண்டியிருந்தது.

வெளிச்சம் குறைந்தால் கேமராவுக்கு வழிகள் மிகக் குறைவு. லென்ஸின் வாயை முழுசாகத் திறக்கலாம், திறந்துவிட்டேன். கேமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை ஏற்றலாம், ஓரளவுக்கு மேல் ஏற்றினால் முகத்தில் மணலை வாரி இறைத்தது போல இருக்கும், ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினால் மணல் கூழாங்கல் ஆகும். மீதி இருப்பது ஷட்டர். அதைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் கூடுதல் ஒளி உள்ளே வரும். பதினைந்தில் ஒரு பங்கு நொடி திறந்து வைத்தேன். கேட்கக் கண்ணிமைப்பு போலத்தான் இருக்கும். கேமராவுக்கு அது ஒரு யுகம். அந்த நேரத்துக்குள் எது அசைந்தாலும் படத்தில் இழுபட்டுவிடும்.

முதலில் ஃபோகஸைத்தான் சந்தேகப்பட்டேன். தானாக ஃபோகஸ் செய்யும் கேமராவுக்கு ஒரு விளிம்பு வேண்டும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற ஒரு கோடு கிடைத்தால் அதைக் கூர்மையாக்கிவிட்டு நின்றுவிடும். கிடைக்காவிட்டால் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும், சாவியைத் தொலைத்தவன் ஒவ்வொரு பையாகத் தடவுவது போல. இங்கே பின்னால் கறுப்புத் திரை, அவள் உடுத்தியிருந்தது அடர் பழுப்பு, முகத்தில் பாதி நிழல். பாவம், அது எதைப் பிடிக்கும்?

அதற்கு நானே விளிம்பைத் தேடிக் கொடுத்தேன். மேசை விளக்கின் மூடி ஓரம் பளீரென்று இருக்கும். அதற்கு அடுத்த அங்குலத்திலேயே இருட்டு. அவள் முகமும் விளக்கும் என்னிடமிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம். மூடியின் ஓரத்தில் ஒற்றைப் புள்ளியை வைத்து ஃபோகஸ் செய்தேன். உடனே லென்ஸைக் கைமுறைக்கு மாற்றினேன். இனி அது அலையாது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். விளக்கு மூடியின் துரு வரைக்கும் தெரிந்தது.

எடுத்தேன். எல்லாம் கலங்கல்.

அப்படியென்றால் ஃபோகஸ் இல்லை. ஆட்டம். கேமரா ஆடுகிறது. கேமராவைப் பிடித்திருப்பது என் கை.

இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் அம்மா.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள். அப்போதும் தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் ஓடும். என் வயதில்தான் அவளுக்கு ஆரம்பித்தது. முதலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண்தான் என்று நினைத்தோம். அப்புறம்தான் கை என்று தெரிந்தது.

இன்னொன்றும் இருந்தது. மூன்றாம் காட்சி தொடங்கியதும் எனக்கு முழங்காலில் ஒரு நடுக்கம் வரும். உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல் இருக்கும். காட்சி முடிந்ததும் போய்விடும். பயத்தால் நடுக்கமா, நடுக்கத்தால் பயமா என்று தெரியாமல் விளக்கு அணைந்த அரங்கில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் கிண்டல் செய்வான். கிண்டலை நிறுத்திவிட்டு முகம் மாறினான் என்றால் அது அதைவிட மோசம்.

வீட்டில் சோதித்துப் பார்த்தேன். சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, சுவிட்சுப் பலகையில் எரியும் சின்னச் சிவப்பு விளக்கை அதே பதினைந்தில் ஒரு பங்கில் எடுத்தேன். சில படங்களில் சிவப்புப் புள்ளி புள்ளியாகவே இருந்தது. சிலவற்றில் குட்டிப் புழு போல நெளிந்திருந்தது. இந்தப் புழு எப்போதுமே வருமா, இப்போதுதான் வருகிறதா? நன்றாக இருந்த காலத்தில் யார் புழுவைத் தேடினார்கள்?

"என்னடி, இருட்டுல சுவிட்சைப் படம் புடிக்கிற?" அம்மா வாசலில் நின்றாள்.

"சும்மாம்மா."

"சும்மாவா. ரெண்டு நாளா உன் கையை நீயே பாத்துட்டிருக்க. வளையல் போட்டிருந்தா அழகு பாக்குறேன்னு நினைச்சுக்கலாம்."

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாமயே இருக்கட்டும். என் சொத்துல வீடு, பீரோ எது வேணும்னாலும் எடுத்துக்கோ. இதை மட்டும் எடுத்துக்காத." தன் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

பொழுது விடிந்தது. பேனர் அடிப்பவனுக்கு மறுநாள் காலைக்குள் படம் போக வேண்டும். மிச்சம் இருந்தது அன்றைய மதிய ஒத்திகை மட்டும். வெட்கத்தை விட்டு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

எங்கள் அரங்கம் முன்பு சரக்குக் கிடங்காக இருந்தது. கீழே சிமெண்டுத் தரை. அதன் மேல் மரப்பலகையால் படிப்படியாக உயர்த்தி நாற்காலி போட்டிருக்கிறோம். கடைசிப் படிதான் என் இடம். அங்கிருந்து பார்த்தால் விளக்கு மூடிக்கு மேலே அவள் முகம் சரியாகத் தெரியும். நான் ஸ்டாண்டின் கால்களை விரிப்பதைத் தம்பி சவுண்டு மேசையிலிருந்து பார்த்துவிட்டான்.

"அட! கல்லுக்கே முட்டுக் குடுக்கிறாங்கப்பா!"

"உன் வேலையைப் பாருடா."

"கோவிச்சுக்காதக்கா. வரலேன்னா பேசாம ஃபோன்ல எடுத்துப்போம். இப்ப ஃபோன் எல்லாம் சூப்பரா..."

"வாயை மூடறீங்களா?" என்று மேடையிலிருந்து அவன் மனைவி கத்தினாள். வேஷத்தோடு ஓடி வந்து என் கையில் ஒரு காகிதக் கோப்பையைத் திணித்தாள். "அண்ணி, முதல்ல தண்ணி குடிங்க. மூஞ்சியே சரியில்ல. அவர் கிடக்கறார்."

பாதி குடித்துவிட்டு மீதியை ஸ்டாண்டின் காலருகே பலகை மேல் வைத்தேன்.

ஸ்டாண்டில் எடுப்பதற்கும் ஒழுங்கு உண்டு. கை நடுக்கத்தைச் சரிக்கட்ட லென்ஸில் ஒரு சுவிட்ச் இருக்கும்; அதை அணைத்தேன். ஸ்டாண்டில் நடுக்கமே இல்லாதபோது அது இல்லாத நடுக்கத்தைத் தேடித் தானே ஆடத் தொடங்கிவிடும். நடுத்தண்டை உயர்த்தவில்லை, ஒற்றைத் தண்டு கொடிக்கம்பம் போல ஆடும். பொத்தானை அழுத்தும் விரல்கூடக் கேமராவை அசைக்கும். அதனால் அழுத்தியபின் இரண்டு நொடி கழித்து ஷட்டர் திறக்கும்படி டைமர் வைத்தேன். விளக்கு மூடியின் ஓரத்தில் ஃபோகஸ். கைமுறைக்கு மாற்றினேன். இனி என் உடம்புக்கும் இந்தப் படத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

மூன்றாம் காட்சி தொடங்கியது. கூட்ஸ் வண்டி தூரத்தில் உறுமியது. முழங்காலில் அந்த நடுக்கம் வந்தது. வரட்டும், எனக்கென்ன. அவள் நூலை இழுத்து நிறுத்துவதற்குச் சற்று முன்னால் அழுத்திவிட்டுக் கையை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

படத்தைப் பார்த்தேன்.

கலங்கல். கையில் எடுத்ததைவிடப் படுமோசம்.

எரிச்சலில் ஸ்டாண்டை ஒரு உதை விடலாம் போல இருந்தது. இத்தனை செய்தும் இது எப்படி ஆடுகிறது? என் கை ஆடுகிறது, சரி, அம்மாவிடமிருந்து வந்தது, சரி. ஸ்டாண்டு ஏன் ஆட வேண்டும்? ஸ்டாண்டுக்கு அம்மாவா இருக்கிறாள்?

இப்படி நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆமாம். ஸ்டாண்டுக்கு அம்மா இல்லை.

முதல் தடவையாகப் பயமில்லாமல் படத்தை முழுசாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதுவரைக்கும் கலங்கல் என்று தெரிந்த உடனே மூடிவிடுவேன். கெட்ட செய்தியை யார் இரண்டு தடவை படிப்பார்கள்?

கலங்கலில் வகை உண்டு. ஃபோகஸ் தவறினால் ஒளிப்புள்ளி உப்பி வட்டமாகும். ஆட்டத்தில் அது கோடாகும். அந்தக் கோடுதான் கேமரா போன தடம். மேசை மேல் பொத்தான் போட்டு வைக்கும் ஒரு தகர டப்பா இருந்தது. அதன் மேல் மின்னிய புள்ளியைத் தேடிப் போனேன். அது மேலும் கீழுமாக நேர்க்கோடாக நின்றது. இரண்டு முனைகளும் தடித்துப் பிரகாசமாக, நடு மெலிந்து. ஊசி முனையின் மினுக்கும் அதே நீளம், அதே வடிவம். விளக்கு மூடியின் ஓரமும் அப்படியே. ஆடியது அவள் இல்லை. படம் முழுவதும் ஒன்றாக ஆடியிருக்கிறது.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உச்சியிலும் ஒரு கணம் நின்றுதான் திரும்பும். நடுவில் விர்ரென்று போகும். நிற்கும் இடத்தில் ஒளி அதிகம் பதியும், பறக்கும் இடத்தில் குறைவாகப் பதியும். முனை தடித்த கோடு என்றால் ஏதோ ஒன்று ஒரே தாளத்தில் மேலும் கீழும் ஊஞ்சலாடுகிறது. கை அப்படி ஆடாது. கை புழு போல நெளியும். என் சமையலறைச் சிவப்பு விளக்கு அதைத்தானே சொன்னது! புழு மனுஷ கை. இது ஏதோ மெஷின்.

மேடையில் இன்னும் கூட்ஸ் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து ஸ்டாண்டின் காலைப் பார்த்தேன். பக்கத்தில் காகிதக் கோப்பை. மிச்சத் தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அம்மாவின் டம்ளர். ஆனால் இதை யாரும் பிடித்திருக்கவில்லை.

பலகையில் உள்ளங்கையை வைத்தேன். பலகை நடுங்கியது. என் முழங்கால் நடுக்கம் முழுவதும் அங்கே இருந்தது. உடம்பு அதில் பாதியை விழுங்கியிருக்கும், ஸ்டாண்டின் கால் அப்படியே கேமராவுக்கு ஏற்றியிருக்கிறது.

காட்சி முடிந்தது. கோப்பைத் தண்ணீர் அடங்கியது. ஃபோன் டார்ச்சோடு படிகளுக்குப் பின்பக்கம் போய்ப் பலகைக்கு அடியில் குனிந்தேன். இடுப்புயரத்துக்கு ஒரு கறுப்பு ஸ்பீக்கர், படியின் மரச் சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கியிருந்தது.

"டேஏஏய்!"

தம்பி ஓடி வந்தான். என் கையிலிருந்த டார்ச்சைப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டியா? சஸ்பென்ஸா வெச்சிருந்தேன்க்கா. நாளைக்கு முதல் ஷோவுல நம்ம டைரக்டர் ஜனங்களோட உட்காரும்போது அவருக்கே தெரியக் கூடாதுன்னு..."

"என்னடா இது?"

"ரயில்க்கா! ரயில் சத்தம் காதுல கேட்டா போதுமா? தண்டவாளத்துப் பக்கத்து வீடு. ஜனங்களுக்கு நாற்காலியில, முதுகுல, கால்ல உணரணும். முன்னாடி ஸ்பீக்கர்ல சத்தம். இதுல வெறும் அதிர்வு, காதுக்கே கேக்காது. சீன் மூணுக்கு மட்டும். அதான் போல்ட் போட்டேன். எப்படி இருந்துச்சு? உனக்கு உணர முடிஞ்சுதா?"

உணர முடிந்ததா என்று கேட்கிறான்.

"உணர்ந்தேன்டா. நல்லா உணர்ந்தேன். அம்மாவோட நடுக்கம் எனக்கும் வந்துடுச்சுன்னு உணர்ந்தேன். ஸ்டூடியோவை மூட வேண்டியதுதான்னு உணர்ந்தேன். ராத்திரி தூங்காம என் கையையே பாத்துட்டுக் கிடந்தேன். ரயில் விடறானாம் ரயில்!"

அவன் முகம் மாறி, என் கையைப் பார்த்தான். பின்னாலேயே வந்த அவன் மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"அண்ணி எங்க நின்னு படம் எடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா கேமரா ஆடும்னு..."

"பெட்டி மேல நின்னா பெட்டி ஆடும்போது ஆள் ஆட மாட்டாங்களா? இதுக்கு ஒரு படிப்பு, ஒரு பேரு, சவுண்டு இன்ஜினியர்!"

"கல்லு அக்கா கையில எதுவும் ஆடாதுன்னு நினைச்சேன்டி," என்றான் மெதுவாக. அவன் சொன்னது நிஜம்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

"இப்ப அதை அணை. மூணாம் சீனை இன்னொரு தரம் போடு."

"அணைக்கிறேன்க்கா. ஆனா ஒண்ணு. இன்னைக்கு அணைச்சு எடுத்துடுவ. நாளையிலேர்ந்து ஒவ்வொரு ஷோவுக்கும் நீ எடுக்கணும். அப்ப அணைக்க முடியாது. ஜனங்க நடுங்கணும்."

பிடிவாதம் பிடித்தவன், ஆனாலும் சொன்னதில் நியாயம் இருந்தது. அவன் ரயில் ஓடட்டும். நான் இறங்கிவிட வேண்டியதுதான்.

மரப் படிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து போகிறது. அது பழைய கிடங்கின் சிமெண்டுத் தரை. மரச் சட்டம் அதன் மேல் உட்கார்ந்திருந்தாலும், அந்தக் கனத்தை ஆட்ட ஒரு ஸ்பீக்கரால் ஆகாது. காகிதக் கோப்பையைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன். அவன் அதிர்வைப் போட்டான். தண்ணீர் அசையவில்லை. சந்தில் ஒரு தூண் இருந்தது. அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் விளக்கு மூடி அவள் தாடையைக் கொஞ்சம் மறைத்தது. விளக்கை ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னேன். வெளிச்சத்தை ஏற்றச் சொல்லவில்லை என்ற நிம்மதியில் தம்பி அவனே ஓடிப்போய்த் தள்ளி வைத்தான்.

ஸ்டாண்டைத் தூக்கி வந்து நீட்டினான். அதைப் பார்த்தேன். அதில் வைத்தால் படம் கட்டாயம் வரும். பேனர் நாளை தொங்கும். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது தெரியாமலே போகும்.

"அதை அங்கேயே வை. கையில எடுக்கிறேன்."

"அக்கா, பேனர்..."

"முதல்ல கை. அப்புறம் ஸ்டாண்டு. போ, ரயிலை விடு."

அணைத்திருந்த நடுக்கச் சுவிட்சை மறுபடி போட்டேன். கையில் எடுக்கும்போது அது வேண்டும். விளக்கு மூடி ஓரத்தில் புதிதாக ஃபோகஸ் வைத்தேன். இடம் மாறினால் தூரமும் மாறிவிடும். கைமுறைக்கு மாற்றினேன். இடது தோளைத் தூணோடு அழுத்தினேன். முழங்கைகளை விலாவோடு ஒட்டினேன். இடது உள்ளங்கை லென்ஸுக்குக் கீழே, தாங்கலாக. கேமரா நெற்றியில் அழுந்தியது.

கூட்ஸ் வண்டி வந்தது. முழங்கால் சும்மா இருந்தது. உள்ளங்காலில் எறும்பு இல்லை.

அவள் ஊசியை இழுத்தாள். நூல் விறைத்தது. பாதி மூச்சை விட்டு நிறுத்தி, பொத்தானை மெல்ல அழுத்தி அப்படியே பிடித்தேன். கேமரா வரிசையாக நாலைந்து படம் எடுத்தது. முதல் படத்தில் அழுத்தும் விரலின் அதிர்வு இருக்கும், கடைசியில் விடும் விரலின் அதிர்வு இருக்கும். நடுவில் உள்ளதுதான் நமக்கு.

மூவரும் சேர்ந்து திரையில் குனிந்தோம். முதல் படத்தில் தகர டப்பாவின் புள்ளி ஒரு துளி நெளிந்திருந்தது. குட்டிப் புழு. அது மனுஷ கை, இருக்கும். நடுப் படத்தைப் பெரிதாக்கினேன். தகர டப்பாவின் மேல் புள்ளி புள்ளியாக இருந்தது. ஊசிக் காதுக்குள் நூல் நுழைவது தெரிந்தது.

"ஐயோ அண்ணி, என் விரல்ல ஊசி குத்தின தழும்புகூடத் தெரியுது," என்றாள் தம்பி மனைவி.

தம்பி என் வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்லுதான்," என்று திருப்பிக் கொடுத்தான்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். படத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பிலிருந்து கையை வெளியே எடுத்தாள்.

அன்று முதல் ஒவ்வொரு ஷோவுக்கும் இதே முறைதான். எடுப்பதற்கு முன் நிற்கிற இடத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துப் பார்க்கிறேன். தண்ணீர் ஆடினால் அங்கே நிற்பதில்லை. சிமெண்டுச் சந்தில், தூணில் தோள் சாய்த்து, விளக்கு மூடியின் ஓரத்தில் ஃபோகஸைப் பூட்டி, அவள் நூலை இழுத்து நிறுத்தும் மூச்சில் வரிசையாக எடுக்கிறேன். நடுப் படம் தெளிவாக வருகிறது.